காலி வண்டிக்கு எடை இல்லை

சவுரிராயன் யாருக்கும் ஐந்து பைசா பாக்கி வைத்ததில்லை என்கிற விஷயம் வெளியே தெரியவந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. அதுவரை அதை யாரும் ஒரு குறையாக எடுத்துச் சொன்னதில்லை. விழுப்புரம் சுபலாபம் வங்கிக் கிளையில் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த அலெக்ஸ் என்கிற இளைஞன்தான் அதைக் கண்டுபிடித்தான். தன் கம்ப்யூட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தான். சந்தேகம் தீராமல் எழுந்து போய்ப் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரிலும் பார்த்தான். திரும்பி வந்து, ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும் டாக்டரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“சார், நீங்க இல்லை.”

“இங்கதான சார் குந்திக்கினு இருக்கேன்.”

“இங்க இருக்கீங்க. சிஸ்டத்துல இல்லை. கடன் வாங்கின ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்கோர் இருக்கும். எழுநூறு, எண்ணூறுன்னு. உங்களுக்கு ஒண்ணுமே வரலை.”

நகைக்கடன் உண்டா, பைக் லோன் உண்டா, தவணையில் டிவியாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே போனான். சவுரிராயன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். ஆரம்பத்தில் கொஞ்சம் பெருமையாகத்தான் ஆட்டினார். நாலாவது கேள்விக்குள் அந்தப் பெருமை வற்றி, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

“சார், நான் திண்டிவனத்துல எடைமேடையில வேலை செய்யறேன்” என்றார் கடைசியாக. “லாரிங்களை எடை போடறது. பாரத்தை ஏத்தறதுக்கு மின்னாடி காலி வண்டியத்தான் மொதல்ல எடை போடுவோம். காலி வண்டிக்கும் எடை இருக்குது சார்.”

“எங்க மேடையில பாரம் ஏத்தினாத்தான் சார் முள்ளு அசையும்” என்றான் அலெக்ஸ்.

சவுரிராயன் கேட்டது ஐந்து லட்சம். வீட்டுக்கடன். மாதா கோயில் தெருவில் அவர் பதினாலு வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீட்டைத்தான் வாங்க நினைத்தார். வீட்டுக்காரம்மா ராஜாமணி, ஓய்வுபெற்ற நர்சு, ஓசூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார். வீட்டை ஒன்பது லட்சத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தார். அடுத்த ஆடி வரைக்கும் உங்களுக்காகப் பார்க்கிறேன், அதற்கு மேல் என் மகள் விடமாட்டாள் என்று அந்தம்மா சொன்னது 2012 ஆடி மாதம். சவுரிராயனும், பள்ளி விடுதியில் சமையல் செய்யும் அவர் மனைவி அந்தோணிமேரியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நாலு லட்சம் சேர்த்து வைத்திருந்தார்கள்.

வீடு பெரிய வீடு ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் பின்சுவர் ஓதமடித்து ஈரம் கசியும். ஆனால் அவர்களுடைய ஒரே மகள் வெனிலாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளுக்கு அந்த வீடும் தெருவும் காலில் இருந்தன. வாசலிலிருந்து தெருக்குழாய்க்கு முப்பத்தெட்டுத் தப்படி. குழாயிலிருந்து கோயில் வேப்பமரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. யார் கையையும் பிடிக்காமல் போய் வருவாள். சாயங்காலம் ஒன்பது பிள்ளைகள் அவளிடம் வாய்ப்பாடும் இங்கிலீஷும் படிக்க வரும். இந்த வீடு கைவிட்டுப் போனால் இருபத்திரண்டு வயதில் அவள் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக வேண்டும். இதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை. பேசாத விஷயம்தான் எப்போதும் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்.

அலெக்ஸ் கெட்ட பிள்ளை இல்லை. வழி இருக்கிறது என்றான். ஒரு கிரெடிட் கார்டு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வேண்டிய பெரிய சாமான்களைக் காசு கொடுத்து வாங்காமல் கார்டில் வாங்க வேண்டும். ஸ்கோரும் வளரும், பாயிண்டும் சேரும். கையில் இருக்கிற காசை நீட்டிப் பொருள் வாங்குகிறவனைப் பற்றி எந்தச் சாட்சியும் மிஞ்சுவதில்லை என்று அவன் வருத்தமாகச் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை சவுரிராயன் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனார். அலெக்ஸ் மேஜைமேல் ஏழு கார்டுகளைக் கிளி ஜோசியக்காரன் மாதிரி பரப்பிவைத்தான். முதல் கார்டு விமானப் பயணிகளுக்கானது. வருஷத்தில் எத்தனை தடவை விமானத்தில் போவீர்கள் என்று கேட்டான். “மத்தியானத்துல ஒண்ணு வீட்டு மேல போவுது சார், சத்தம் கேக்கும்” என்றாள் வெனிலா. இரண்டாவது, பெட்ரோலுக்கு. சவுரிராயனிடம் இருந்தது சைக்கிள். மூன்றாவது கார்டை வைத்திருந்தால் மாதம் ஒரு சினிமா டிக்கெட் இனாம் என்றபோது வெனிலா சிரித்துவிட்டாள். அலெக்ஸுக்கு முகம் சிவந்தது. அதை அவள் பார்க்கவில்லை என்றாலும், பரவாயில்லை, பாட்டு கேட்டுவிட்டு வரலாம் என்று அவளே அவனைச் சமாதானப்படுத்தினாள்.

கடைசியில் ‘இல்லறம் கோல்டு’ என்ற கார்டு அவர்களுக்குப் பொருத்தம் என்று முடிவாயிற்று. பாத்திரம், பிரிட்ஜ், கிரைண்டர் வாங்கினால் நூறு ரூபாய்க்கு இரண்டு பாயிண்டு. ஆனால் ஸ்கோர் இல்லாதவருக்குக் கார்டு தர முடியாது. கார்டு இல்லாதவருக்கு ஸ்கோர் வராது. இந்த முடிச்சையும் வங்கியே அவிழ்த்தது. சவுரிராயன் முப்பதாயிரம் ரூபாயை வங்கியில் டெபாசிட் கட்ட வேண்டும். அதை வங்கி பூட்டிவைக்கும். அந்த நம்பிக்கையின்பேரில் அவருக்கு இருபத்துநாலாயிரம் வரை கடன் கொடுக்கும்.

“அப்ப நம்ம காசைத்தான நமக்குக் கடனாத் தர்றாங்க?” என்றாள் அந்தோணிமேரி.

“அதுல ஆறாயிரம் கொறைச்சுத் தர்றோம்மா. சேஃப்டி” என்றான் அலெக்ஸ்.

கார்டு வந்தது. கிரைண்டர் வாங்கினார்கள். தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்கினார்கள். இரண்டு ஃபேன். எல்லாம் எப்படியும் வாங்க வேண்டியிருந்தவைதான். சவுரிராயன் கார்டை நீட்டும்போதெல்லாம் கடைக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டார். ஓசியில் வாங்குவதுபோல அவருக்குக் கூசும்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பால்காரர், மளிகைக்கடை, பேப்பர்காரர் எல்லோருக்கும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கணக்கை முடித்துவிடுவார். அண்டை மனிதனுக்குக் கொடுக்க வேண்டியதை வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போவது அவருக்கு முடியாத காரியம். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. பங்குச் சாமியாரே ஒருமுறை, அதெல்லாம் ஒரு பாவமுமில்லை சவுரி என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கார்டுக்கும் அதே முறையைக் கடைப்பிடித்தார். செவ்வாய்க்கிழமை கிரைண்டர் வாங்கினால் சனிக்கிழமை கவுண்ட்டரில் பணத்தைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் நிம்மதியாக முழந்தாளிடுவார்.

தை மாதம் வீட்டுக்கடன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்த வங்கியின் கடன் மையத்துக்குப் போனார். அங்கே மண்டல மேலாளர் மாரியப்பன் அவருடைய கோப்பைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் வாடிப்போயிற்று.

“ஆகஸ்ட் பில் சைபர். செப்டம்பர் சைபர். டிசம்பர் வரைக்கும் சைபர். மிஸ்டர் சவுரிராயன், நீங்க கார்டை யூஸ் பண்றீங்களா, பர்ஸுல மாதா படம் மாதிரி வெச்சிருக்கீங்களா?”

வாங்கியதையெல்லாம் அந்தந்த வாரமே கட்டிவிட்டதாகச் சவுரிராயன் ரசீதுகளை எடுத்து வைத்தார். மேலாளர் அவற்றைத் தொடவில்லை. பில் போடுகிற தேதிக்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டால் பில்லில் பாக்கி ஏறாது. பாக்கி இல்லாத பில்லுக்குப் பாயிண்டும் கிடையாது, ஸ்கோரும் கிடையாது என்று விளக்கினார். பிறகு, மனம் நொந்த ஒருவரின் குரலில் சொன்னார்: “எங்களுக்கு நீங்க ஒரு சந்தர்ப்பமே குடுக்கலையே சார். கொஞ்ச நாள் பாக்கி வெச்சாத்தான நாங்க உங்களை நம்பிக் காத்திருக்க முடியும்? நீங்க எங்களை நம்பற மாதிரியே தெரியலை.”

சவுரிராயன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பெரிதாக ஒரு சாமான் வாங்கி, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் போதும் என்ற புத்திமதியோடு வெளியே வந்தார்.

பதினோராயிரத்துக்குப் பிரிட்ஜ் வாங்கினார்கள். முதல் சனிக்கிழமை வந்தது. பணம் பீரோவில் இருந்தது. சவுரிராயன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். மறுநாள் பூசையில் எல்லோரும் வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போனபோது அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க அப்படித்தான். உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிப் போகிறவர்கள் காலை ஒடுக்கிக்கொண்டு போனார்கள். இவர் அப்படி என்ன செய்துவிட்டார் என்று தெருவில் பேச்சாயிற்று. சிலர் தீர விசாரித்து, பெண் விஷயம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

“பேங்குக்குத்தான பாக்கி, சாமிக்கா பாக்கி? போய் வாங்கிக்கினு வாங்களேன்” என்று அந்தோணிமேரி கெஞ்சினாள். உயிர்த்த ஞாயிறன்றும் அவர் எழுந்திருக்கவில்லை. அவர் நினைவு தெரிந்து அப்படி ஓர் ஈஸ்டர் வந்ததில்லை. வீட்டில் புது பிரிட்ஜ் மட்டும் சந்தோஷமாக உறுமிக்கொண்டிருந்தது.

அந்த மாதங்களில் வங்கியிலிருந்து தினமும் போன் வரும். எடுப்பவள் வெனிலா. சுற்றுலாக் கடன், கல்யாணக் கடன், கடனை அடைக்கக் கடன். பேசுகிற பெண் ஒரு நாள் நேகா என்பாள், மறுநாள் மோனிகா என்பாள். குரல் ஒன்றுதான். ஒரு நாள் அவள் ஒப்பித்து முடித்ததும் வெனிலா கேட்டாள்: “நேத்து ரொம்ப இருமினீங்களே, இன்னைக்கு எப்படி இருக்குது? சுக்கு வெச்சு காய்ச்சிக் குடிங்க.”

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. பிறகு மோனிகா, வேறு ஏதோ ஊர்ப் பெண்ணாக மாறி, மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, இந்த லோன் எதையும் எடுத்துடாதீங்க. மினிமம் மட்டும் கட்டாதீங்க, மீதிக்கு வட்டி ஏறிக்கினே போவும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.” அதற்குப் பிறகு அவள் குரல் வரவில்லை. வந்த வேறு குரல்களில் யாரும் இருமவில்லை.

சித்திரையில் மறுபடியும் திண்டிவனம். இந்தத் தடவை கம்ப்யூட்டரில் ஓர் எண் வந்தது. சவுரிராயன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். கடைசியில் தானும் இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார். மாரியப்பன் எண்ணைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மூணு மாசமா மினிமம் மட்டும்தான் கட்டியிருக்கீங்க. கையில காசு நெருக்கடியோ?”

நீங்கள்தான் அப்படிக் கட்டச் சொன்னீர்கள் என்று சவுரிராயன் மரியாதையாக நினைவூட்டினார்.

“நான் சொன்னது பொதுவான ஆலோசனை. இது உங்க நடத்தை. அதுவும் வீட்டுக்கடன் கேக்கப்போற நேரத்துல யாராவது பதினோராயிரத்துக்குப் பிரிட்ஜ் வாங்குவாங்களா சார்? குடும்பஸ்தன் செய்யற காரியமா?”

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சேர்ந்திருந்த இருநூற்று இருபது பாயிண்டுக்கு ஏதாவது தருவீர்களா என்று வெளியே ஒரு பெண்ணிடம் கேட்டார். ஐந்நூறு பாயிண்டுக்கு ஒரு ஹாட்பாக்ஸ், கொரியர் செலவு தனி என்றாள். சவுரிராயன் அன்றைக்கே பிரிட்ஜ் பாக்கியை வட்டியோடு மொத்தமாகக் கட்டினார். நிராகரிப்புக் கடிதம் வந்த அதே உறையில், நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளரான அவருக்குச் சிங்கப்பூர் போய்வர ஒன்றரை லட்சம் கடன் தயாராக இருப்பதாக இன்னொரு கடிதமும் இருந்தது.

ஆடிக்கு இரண்டு மாதம் இருந்தது. ராஜாமணியம்மாவின் மகள் ஓசூரிலிருந்து ஒருவரை அனுப்பி வீட்டை அளந்து பார்க்கச் செய்தாள். அளக்க வந்தவர் போகும்போது அளவுக்கு வைத்த ஒரு கல்லை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக வெனிலா தன் வாசலில் தடுக்கி விழுந்தாள். முட்டியைத் துடைத்துக்கொண்டு, “முப்பத்தெட்டு இல்ல, முப்பத்தொம்பது போல” என்று சிரித்தாள். சவுரிராயன் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் சாயங்காலம்வரை கையிலேயே வைத்திருந்தார்.

வைகாசியில் வங்கி திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து ‘நம்பிக்கைத் திருவிழா’ நடத்தியது. விழிப்புணர்வுக்காக என்று சொல்லி அலெக்ஸ் சவுரிராயனையும் அழைத்திருந்தான். போனால் ஒருவேளை மனம் இளகுவார்களோ என்று அவரும் போனார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மாரியப்பன் பேசினார்.

“நண்பர்களே, கடன் என்பது ஒரு பந்தம். ஒருவர் நமக்குத் தர வேண்டியது இருக்கும்வரை நம்மை மறக்க மாட்டார், நாமும் அவரை மறக்க மாட்டோம். முழுசாகக் கட்டி முடித்தவர் யார்? நம்மைக் கைவிட்டுப் போனவர். அவரை நினைத்து எத்தனையோ நாள் நான் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். கடனே இல்லாதவர் ஒருவர் இங்கே வந்திருக்கிறார். அவருடைய சம்பளம் எங்களுக்குத் தெரியும். வீடு தெரியும். கையெழுத்து தெரியும். ஆனால் அவரைத் தெரியாது. தெரியாதவருக்கு எப்படிக் கொடுப்பது?”

சவுரிராயனை மேடைக்கு அழைத்து நிற்கவைத்தார்கள். கூட்டம் அவரை அனுதாபத்தோடு பார்த்தது. ஒருவர் போட்டோ எடுத்தார். இறங்கும்போது அவர் கையில் ஒரு ஹாட்பாக்ஸைக் கொடுத்தார்கள். மூடி பொருந்தவில்லை.

அடுத்து, ‘ஆண்டின் நம்பிக்கை நாயகர்’ விருது. அழைக்கப்பட்டவர் லாரி முதலாளி சக்கரபாணி. ஸ்கோர் எண்ணூற்று முப்பத்தொன்று. சால்வை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள்.

சக்கரபாணியைச் சவுரிராயனுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய இரண்டு லாரிகளும் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு எடைமேடைக்குத்தான் வரும். ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவார், அதில் எடுத்து லாரிக்குக் கட்டுவார். ஒரு நாள் தவறியதில்லை. மனிதர்களிடம் வாங்கினால் மட்டும் அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை. டீக்கடையில் பாக்கி, பஞ்சர் கடையில் பாக்கி. நாலு வருஷத்துக்கு முன்னால் டீசலுக்குக் குறைகிறது என்று சவுரிராயனிடம் ஐந்நூறு ரூபாய் வாங்கினார். எப்போது கேட்டாலும் ஒரே பதில்: வர்ற சனிக்கிழமை.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் சால்வையோடு வந்து சவுரிராயனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் மேடையில் ஏற்றினார்கள் என்று விசாரித்தார். சவுரிராயன் வெனிலாவின் முப்பத்தெட்டுத் தப்படிவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சக்கரபாணி ரசத்தை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

“அஞ்சு லட்சம்தானண்ணா? எம் பேருல வாங்கிக்கலாம். நான் கேட்டா நாளைக்கே குடுப்பானுங்க. வீடும் எம் பேருல இருக்கட்டும். நீ மாசம் கட்டிக்கினு வா. முடிஞ்சதும் ஒம் பேருக்கு எழுதிக் குடுத்துடறேன்.”

பிறகு கொஞ்சம் யோசித்து, “என்னை நம்புவியாண்ணா?” என்று கேட்டார். விருது வாங்கிய முகத்தில் அந்தக் கேள்வி புதிதாக இருந்தது.

சவுரிராயன் ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. ராஜாமணியம்மா, இது பைத்தியக்காரத்தனம், நான் பொறுத்துக்கொள்வேன், ஆனால் என் மகள் பொறுக்க மாட்டாள் என்று அழுதார். அந்தோணிமேரி, ஐந்நூறு ரூபாயைத் தராதவன் வீட்டைத் தருவானா என்று ஒரே ஒரு முறைதான் கேட்டாள். வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. ஆனி மாதம் சவுரிராயனின் நாலு லட்சத்தோடு வங்கியின் ஐந்து லட்சமும் சேர்ந்து, வீடு சக்கரபாணியின் பெயரில் பதிவாயிற்று. வங்கி அன்று மாலையே கேக் அனுப்பியது, சக்கரபாணி வீட்டுக்கு.

சவுரிராயன் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஐயாயிரத்து ஐந்நூற்று இருபத்தேழு ரூபாயைச் சக்கரபாணியின் கணக்கில் கட்டினார். சக்கரபாணியின் ஸ்கோர் எண்ணூற்று நாற்பதைத் தாண்டியதாக அலெக்ஸ் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரசீதிலும், கட்டியவர் சவுரிராயன் என்று தன் கையால் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தான். விதியில் அதற்கு இடமில்லை.

சவுரிராயனுக்கு மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எழுந்து போக முடிந்தது. கடன் சட்டப்படி அவருடையது அல்லவே. ஆனால் போய்வந்து உட்கார்ந்ததும் மனம் ஒரு கணக்கைப் போட ஆரம்பித்துவிடும்: பதினைந்து வருஷம். அந்தோணிமேரி செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் பீடத்தில் பத்து ரூபாய் மெழுகுவத்தி ஒன்று ஏற்ற ஆரம்பித்தாள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். இன்னும் தொலையாத பொருளுக்கு முன்கூட்டியே ஏற்றிவைக்கலாமா என்று அவளுக்குச் சந்தேகம்தான். ஏற்றினாள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. சவுரிராயன் வங்கிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தார். தெருக்குழாயடியில் சக்கரபாணி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரத் தயங்குகிறவர் மாதிரி இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சவுரிராயன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வீட்டை விற்கப் போகிறேன் என்று சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தார்.

சக்கரபாணி வாசலுக்கு நடந்து வந்து, சட்டைப்பையில் கையை விட்டு ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

“என்னா இது?”

“அந்த டீசல் காசுண்ணா. சனிக்கிழமை தர்றேன்னு சொல்லியிருந்தேன்ல.”

சவுரிராயன் நோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். சக்கரபாணி தெருவை ஒருமுறை நோட்டம் விட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

“பேங்குல யார்கிட்டயும் சொல்லிடாதண்ணா. வாங்கினதைத் திருப்பித் தர்ற ஆளுன்னு தெரிஞ்சா ஸ்கோர் எறங்கிடப் போவுது.”

உள்ளேயிருந்து வெனிலா, யார் வந்திருக்கிறது, குழாயிலிருந்து நடந்துவந்த சத்தம் புதிதாக இருக்கிறதே என்று கேட்டாள். சவுரிராயன் நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சொல்ல வேண்டியதை எடைபோட்டுப் பார்ப்பவர் மாதிரி நின்றார். பிறகு, நம்ம சக்கரபாணிதான், காபி போடச் சொல்லு என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அந்தோணிமேரி அந்தோணியார் பீடத்துக்குப் போனாள். மெழுகுவத்திக் கடையில் வழக்கம்போல் பத்து ரூபாய் வத்தியை எடுத்து நீட்டினார்கள். அவளுக்குத் திரும்பி வந்த ஐந்நூறு ரூபாய் ஞாபகம் வந்தது.

“இந்த வாரம் அஞ்சு ரூபா வத்தியே போதும்” என்றாள்.